லயத்துப் பைப்பில் அலசிய பதினோரு பைகள்

அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். எங்கள் குழுத் தலைவர். அவரை நாங்கள் எல்லாரும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் முதுகலை செய்துகொண்டிருந்த தர்ஷினி. வேன் ஓட்டி வந்த ரசாக். ஆபீஸிலிருந்து சாவிக்கொத்தோடு அனுப்பப்பட்ட தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த அஞ்சலை. ஆறாவது ஆள் நான், மணியம், வலையும் பையும் சுமக்கிறவன். யார் யார் இருந்தார்கள் என்று நான் விரல் விட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு ஆபீஸில் உட்கார்ந்து பேசியபோது, இந்த ஆறு பேரில் இரண்டு பேர் தாங்கள் அன்றைக்குத் தண்ணீர்ப் பைப்புப் பக்கமே போகவில்லை என்றார்கள்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் மலாக்காவில், குருபோங்கில் ஒரு மண்டபத்தில், வௌவால் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களுக்குப் பயிற்சி நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், எழுந்து கேட்டார்: “அங்கிள், காலி டியூப்பெல்லாம் வேஸ்ட் லா. வௌவாலத் தொடச்சு எடுத்தாப் போதாதா?” எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், கோபம் தணியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அது மூடப்பட்ட பிறகு, தெரிந்தவர் சொல்லி இந்த வௌவால் வேலைக்கு வந்தேன். எனக்கு இருக்கிற ஒரே படிப்பு பயம்தான். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் அடைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். டாக்டர் முதல் நாள் என்னைப் பார்த்து, “இந்த வேலைக்குப் பயந்த ஆளுதான் அண்ணே வேணும்” என்று தோளில் தட்டினார். பின்னால் அதே பயம் அவருக்கு எரிச்சலானது. ‘டென்ஷன் மணியம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

நாங்கள் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். வௌவாலின் வாயிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து, அதற்குள் என்னென்ன கிருமி குடியிருக்கிறது என்று பார்ப்பது. அதன் குடலில் நிறைய வகைக் கிருமிகள் கூட்டமாக வாழ்கின்றன. பெரும்பாலானவை அதற்கு வேண்டியவை. அவை இல்லாவிட்டால் அது தின்ற பூச்சி செரிக்காது. சில வகைகள் வௌவாலுக்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வந்தால் படுக்க வைத்துவிடும். எது எந்த வகை, எந்தக் கூட்டத்தில் எவ்வளவு என்று தெரிந்து வைத்தால் நாளைக்கு ஒரு நோய் வரும்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் இருட்டில் துழாவ வேண்டாம். நல்ல வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் செய்த விதத்தில்தான் என் கோபம்.

‘கொசோங்’ பற்றி எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை. லேப்பில் ஒரு மலாய் அக்கா இருந்தார். பெரிய பட்டம் எதுவும் கிடையாது, தட்டில் கிருமி வளர்ப்பது அவர் வேலை. நான் முதல் தடவை ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எண்ணிப் பார்த்துவிட்டு, “கொசோங் எங்கே?” என்றார். கொசோங் என்றால் காலி. எந்த வௌவாலையும் தொடாமல், பையை மட்டும், கையுறையை மட்டும், துடைத்துப் போட்ட டியூப். “அதில் ஒன்றும் வளரக் கூடாது, பாங் மணியம். வளர்ந்தால், நீ வௌவாலிடமிருந்து எடுத்ததாக நினைப்பது வேறு எங்கிருந்தோ வந்தது என்று அர்த்தம்” என்று மலாயில் விளக்கினார். பாங் என்றால் அண்ணன். எனக்குச் சட்டென்று புரிந்தது. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதுதானே அது! அன்றிலிருந்து நான் கொசோங் இல்லாமல் ஒரு பெட்டியும் கொடுத்ததில்லை.

இனி அந்த நாள்.

நியாலாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. பழைய ஆயாக் கொட்டகை, முன்பு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போன இடம், மூடிக் கிடந்தது. அதன் கூரைக்குள் பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் பகலில் தூங்கும். காலையில் வேறொரு தோட்டத்தில் இருபது வௌவால் பிடித்து முடித்துவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே போனோம். கொண்டுபோன துணிப்பைகள் நாற்பது. ஒரு வௌவாலுக்கு ஒரு பை, ஒரு தடவைதான். அழுக்குப் பை லேப்புக்குத் திரும்பி வந்து கொதிநீரில் வெந்த பிறகுதான் மறுபடியும் வெளியே போகும். ஆகக் கையில் சுத்தமான பை இருபது.

இருபதும் நிறைந்துவிட்டது. கூரைக்குள் இன்னும் இருந்தன.

“முப்பதாச்சும் வேணும் அண்ணே” என்றார் டாக்டர். “இருபத வச்சு நான் என்ன எழுதுறது? காலைல உள்ள பைய அலசிப் போடுங்க. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, காஞ்சிரும்.”

“லேப்புல அவிக்கணுமே டாக்டர்.”

“பெட்ரோல் யாரு குடுப்பா, திரும்பி வர? அலசுங்க லா.”

நான் அலசினேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன். யாரும் என் கையைப் பிடித்து அலச வைக்கவில்லை. லயத்து முன்னால் இருந்த பொதுப் பைப்பில் பதினோரு பைகளை நான்தான் அலசினேன். தர்ஷினி அவற்றைச் செம்பருத்தி வேலிமேல் காயப் போட்டாள். கிராணி நிழலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நாலடி தள்ளி, நேரமாகிறது என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அஞ்சலை வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை முடிந்து, பூட்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

“என்னண்ணே, வௌவாலுக்குத் துணி தொவைக்கிறீங்களா?”

“பைய அலசுறேன்மா.”

“இந்தத் தண்ணியிலயா? மோந்து பாத்தீங்களா? மூணு வாரமா நாறுது. லயத்துல சின்னப் பிள்ளைங்களுக்கெல்லாம் வயித்தால போவுது. கிராணிகிட்டச் சொன்னா, பைப்பக் கொஞ்ச நேரம் தொறந்து விட்டுட்டுப் பிடிங்கன்றாரு.”

கிராணி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அஞ்சல, ஆபீஸ் விசயத்த ஏன் வெளியாளுங்ககிட்டச் சொல்ற?”

“நான் எங்க ஆபீஸ் விசயம் சொன்னேன்? தண்ணி விசயம்தான சொன்னேன்.”

ரசாக் வேனுக்குள்ளிருந்து சிரித்தார். நான் மோந்து பார்த்தேன். நாற்றம் இருந்தது. லேசாக, குளத்துப் பாசி மாதிரி. அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது, கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, “டாக்டர், இந்தத் தண்ணி ஆகாது” என்று சொல்வது. நான் சொல்லவில்லை. இன்னும் நாலு பைதான் பாக்கி என்று அலசி முடித்தேன். அஞ்சலை எங்கள் எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். கொதிக்க வைத்த தேநீர்தான், ஒன்றும் ஆகியிருக்காது. நான் யாரும் பார்க்காத நேரத்தில் அதை வேலியோரம் ஊற்றினேன். அஞ்சலை பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். குவளையை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். நான் குடிக்கப் பயந்த தண்ணீரில் அலசிய பையில் வௌவாலைப் போட்டேன். அந்தத் தண்ணீரைத் தினமும் குடிக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை.

ஆனால் என் பயம் ஒரு காரியம் செய்தது. அலசிய ஒவ்வொரு பையின் கயிற்றிலும் இன்னொரு முடிச்சுப் போட்டேன். நோட்டில் அந்தப் பையில் போன வௌவாலின் எண்ணுக்குப் பக்கத்தில் ‘மு’ என்று எழுதினேன். கொசோங்கும் இரண்டு எடுத்தேன். ஒன்று, வௌவால் போடும் முன்பே அலசாத பையில் எடுத்து வைத்தது. இன்னொன்று, அலசி ஈரம் காயாத பையில் அப்போது எடுத்தது. டாக்டர் பார்த்துவிட்டார்.

“ரெண்டா? டியூப்பு என்ன வெல தெரியுமாண்ணே?”

“ஒண்ணு சும்மா டாக்டர், மனசுக்கு.”

“ஒங்க மனசுக்கு யுனிவர்சிட்டி பணம் குடுக்காது” என்றார். தர்ஷினி என் கையிலிருந்து இரண்டாவது டியூப்பை வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டாள்.

முப்பத்தொரு வௌவால். துடைத்து எடுத்து, எல்லாவற்றையும் அதே கூரைக்கே விட்டுவிட்டு வந்தோம்.

மூன்று வாரத்தில் லேப் வேலை முடிந்தது. ஒன்பது வௌவாலில் சால்மொனெல்லா. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொடுக்கிற, சில பேருக்கு இரத்தத்தில் கலந்து ஆளையே சாய்க்கிற கிருமி. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடம் கொடுத்தார்களே என்ற மரியாதைக்கு, முழு அறிக்கை எழுதுவதற்கு முன்பே, தோட்ட மானேஜருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டார்: உங்கள் ஆயாக் கொட்டகை வௌவால்களில் இந்தக் கிருமி இருக்கிறது, ஆட்களைக் கிட்டே போகச் சொல்ல வேண்டாம்.

அதே வாரம் அஞ்சலையை மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தத்தில் அதே சால்மொனெல்லா.

மானேஜர் நம்ம ஆள். தமிழர். அதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. அந்த ஒரு வரி அவருக்கு வானத்திலிருந்து விழுந்த மாதிரி. அஞ்சலையின் மகள் பிரியா செங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவள். தண்ணீரைப் பற்றி ஏற்கெனவே சுகாதார ஆபீஸுக்கும் தொழிலாளர் ஆபீஸுக்கும் புகார் எழுதியிருந்தாள். மானேஜர் ஆபீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்: லயத்தில் பரவும் நோய்க்கு வௌவால்களே காரணம் என்று நிபுணர்கள் கண்டுபிடித்துள்ளனர், தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மருத்துவச் செலவை நிர்வாகம் ஏற்காது.

மறுநாள் ஆயாக் கொட்டகையின் ஓட்டைகளைக் கோணி வைத்து அடைத்து, உள்ளே பழைய டயரைக் கொளுத்திப் புகை போட்டார்கள். தர்ஷினிக்கு யாரோ வீடியோ அனுப்பினார்கள். அவள் எனக்குக் காட்டினாள். செத்த வௌவால்களை வெறுங்கையால் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார்கள். இறக்கையை விரித்துப் படம் எடுக்கிறார்கள். நாம் கையுறை, முகக்கவசம், கண்ணாடி என்று போட்டுக்கொண்டு தொடுகிற பிராணியை, நோய் பரப்புகிறது என்று சொல்லிக்கொண்டே வெறுங்கையால்! ஒரு வௌவாலைக் கூரையில் விட்டு வைத்தால் அது யாரையும் தேடி வருவதில்லை. இவர்கள் புகை போட்டு அதைக் கைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் நாங்கள் கொடுத்த ஒரு வரியை வைத்துக்கொண்டு.

அன்றைக்கு மாலை லேப் கார் பார்க்கில் மலாய் அக்கா என்னைக் கூப்பிட்டார். “பாங் மணியம், உன் இரண்டு கொசோங்கில் ஒன்று சுத்தம். இன்னொன்றில் சால்மொனெல்லா வளர்ந்தது. டாக்டரிடம் காட்டினேன். எடுத்தவன் கை சுத்தமில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதே என்றார். உன் கை சுத்தமில்லையா?”

நான் வேனில் ஏறி நோட்டை எடுத்தேன். கிருமி வந்ததாக லேப்பில் சொன்ன ஒன்பது எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்பதுக்குப் பக்கத்திலும் ‘மு’. அலசிய பை பதினொன்றில் ஒன்பது. அலசாத பை இருபதில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பைகளில் காலையில் இருந்தவை வேறு தோட்டத்து வௌவால்களாயிற்றே, ஒருவேளை அவற்றிலிருந்து வந்திருக்குமோ என்று காலைப் பக்கத்தைப் புரட்டினேன். காலையில் பிடித்த இருபதிலும் அந்தக் கிருமி இல்லை. மிச்சம் இருப்பது பைப் தண்ணீர் மட்டும்.

டாக்டருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “அத நான் பாத்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் ஒளறாதீங்க” என்றார். சரி என்றேன்.

இங்கேதான் நீங்கள் என்மேல் கோபப்பட வேண்டும். பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நாளும் லயத்தில் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள், வௌவால் ஒழிந்துவிட்டது என்ற நிம்மதியோடு. எனக்கோ வயது ஐம்பத்தெட்டு, இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது, படித்தவர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாரே, நான் யார் என்று இருந்தேன். பயப்படுகிறவன் கவனமாக இருப்பான் என்று சொல்வார்கள். எனக்காகப் பயப்பட்டபோது நான் கவனமாக இல்லை, ஒளிந்துகொண்டேன்.

பதினோராம் நாள் டாக்டர் என்னையும் தர்ஷினியையும் தோட்ட ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். எதற்கென்று சொல்லவில்லை. மானேஜர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கிராணி சுவரோரம் நின்றார். பிரியா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கண் செருகிப் போயிருந்தது. மேசைமேல் எல்லாருக்கும் ஆளுக்கொரு சின்ன மினரல் தண்ணீர்ப் போத்தல்.

மானேஜர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “ஒண்ணுமில்ல அண்ணே. சேம்பிள் எடுத்தவங்க நீங்கதான. ஒழுங்கு முறைப்படி எடுத்தோம், வௌவால்ல கிருமி இருந்துச்சுன்னு ஒரு கையெழுத்து. சுகாதார ஆபீஸ்காரங்க கேக்கறாங்க.”

மலாயில் ஒரு பக்கம். எனக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும். வாசித்தேன். கடைசிக்கு முந்தின வரியில், இதனால் குடிநீர் குறித்த புகார் முடித்து வைக்கப்படலாம் என்று இருந்தது. டாக்டர் ஏற்கெனவே கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“அம்மாவுக்கு அடையாளக் கார்டு, ஐசி இல்ல சார்” என்று பிரியா பேசினாள். “இதே தோட்டத்துல பொறந்தவங்க. தாத்தா பொறப்பப் பதியாம விட்டுட்டாரு. இப்ப ஆஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரங்களுக்குப் போடற ரேட்டப் போட்டிருக்காங்க. நீங்க கட்டலன்னா நான் எங்க போவேன்?”

“அனுதாபமா இருக்கும்மா. ஆனா வௌவாலுக்கு நான் என்ன செய்ய முடியும்? இயற்கை.”

“தண்ணிதான் சார் காரணம்.”

“தண்ணி நல்ல தண்ணி. நிபுணர் பக்கத்துல ஒக்காந்திருக்காரு, கேட்டுப் பாரு.”

பிரியா டாக்டரைக் கேட்கவில்லை. போத்தலைத் தூக்கிக் காட்டினாள். “நல்ல தண்ணின்னா இத ஏன் சார் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கீங்க?”

எழுந்து கழிப்பறைக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். பேனா விரலில் வழுக்கியது. அப்போது நான் வீரனாக எதையும் முடிவு செய்யவில்லை. கையெழுத்துப் போட்டால் இனி ஒவ்வொரு ராத்திரியும் இந்தக் காகிதத்தை எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பேன் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான்.

“அந்தப் பைய அலசுனது நான்தான்” என்றேன்.

“அண்ணே, வெளிய போய்ப் பேசலாம்” என்றார் டாக்டர்.

“வெளியதான் டாக்டர் பத்து நாளாப் பேசாம இருந்தேன்.” நோட்டைத் திறந்து வைத்தேன். “பதினோரு பைய லயத்துப் பைப்புல அலசுனேன். கிருமி வந்த ஒம்போதும் அந்தப் பதினொண்ணுக்குள்ளதான் இருக்கு. அலசாத இருபதுல ஒண்ணுமில்ல. அலசுன பைய வௌவால் தொடறதுக்கு முன்னாடியே தொடச்சு எடுத்தேன். அதுலயும் வளந்திருக்கு.”

“யாரு அலசச் சொன்னா?” என்றார் மானேஜர்.

டாக்டர் தோளைக் குலுக்கினார். “நான் பைப்புப் பக்கமே போகல. இவரு ஸ்கூலு முடிக்காதவரு, தெரியாமச் செஞ்சிருப்பாரு.”

“கிராணி?”

“நானும் அந்தப் பக்கம் போகல சார்.”

தர்ஷினி அதுவரைக்கும் தலை குனிந்துகொண்டிருந்தாள். அவளுடைய படிப்பு, கையெழுத்து, எல்லாம் அந்த டாக்டர் கையில். “நான் போனேன்” என்றாள். “வேலி மேல காயப் போட்டது நான்தான். டாக்டர், நீங்க பக்கத்துல நின்னு டைமாச்சு டைமாச்சுன்னீங்க. கிராணி அங்கிள் செம்பருத்தி நிழல்ல போன் பாத்துட்டிருந்தாரு. அஞ்சலை ஆன்ட்டி தண்ணி நாறுதுன்னு சொன்னத நாங்க எல்லாருமே கேட்டோம்.”

மானேஜர் சத்தம் போட ஆரம்பித்தார். எங்கள் வேலை முறையைப் பற்றி, வக்கீலைப் பற்றி, நன்றி கெட்டவர்களைப் பற்றி. எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்டுவிட்டேன்.

“பைப்புக்குத் தண்ணி வர்ற தொட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?”

கிராணி என்னைப் பார்த்தார். மானேஜரைப் பார்த்தார். பிரியாவைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த கொத்தை அவிழ்த்து, ஒரு சாவியை மட்டும் கழற்றி, மேசையில் மினரல் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மேல மூடி இல்ல” என்றார். “ஆறு மாசமாச்சு. ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன்.”

எனக்கு உயரம் ஆகாது. தொட்டியடியில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தர்ஷினிதான் ஏறினாள். மேலே போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். “அண்ணே, பல்லி மெதக்குது. பெருசு பெருசா. ஒரு மைனாவும் கெடக்கு” என்றாள். “கொசோங் எடுத்துக்கம்மா” என்றேன். அவள் முதலில் ஒரு காலி டியூப், பிறகு தண்ணீர் என்று ஒழுங்காக எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டு நாளில் சுகாதார ஆபீஸிலிருந்து ஆள் வந்து அவர்கள் கையாலேயே எடுத்துப் பார்த்தார்கள். தொட்டியிலும் அஞ்சலையின் இரத்தத்திலும் ஒரே வகை என்றார்கள். தொட்டியை மூடி, லயத்துக்கு லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள்.

வௌவால் சுத்தமான பிராணி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். வேறு இடங்களில் ஒழுங்காக எடுத்தபோது, நமக்கு ஆகாத கிருமி ஒன்றிரண்டு அவற்றிடம் இருக்கத்தான் செய்தது, கையுறையைக் கழற்றாதீர்கள். ஆனால் அந்தத் தோட்டத்து வௌவாலில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. மறுபடி பிடித்துப் பார்க்கலாம் என்று போனபோது கூரையில் புகைக்கரிதான் இருந்தது. இருந்த ஒரே கூட்டத்தை நாங்கள் தவறாகத் துடைத்தோம், அவர்கள் கொன்றார்கள்.

டாக்டர் அறிக்கையைத் திருத்தினார். திருத்தியதில் என் பெயர், ‘களப்பணியாளர் தவறு’ என்ற வார்த்தையாக வந்திருக்கிறது. அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. கேட்பவர்களிடம் ஓய்வு பெற்றுவிட்டேன் என்கிறேன். தர்ஷினி வேறு ஒருவரிடம் மாறி, ஒன்றரை வருடம் வீணாகி, படித்து முடித்தாள். போன மாதம் குருபோங்கில் உங்களுக்குப் பயிற்சி கொடுத்தது அவள்தான். காலி டியூப் வேஸ்ட் என்று நீங்கள் சிரித்தபோது, மேடையில் சிரிக்காமல் நின்றவள்.

உங்கள் கையில் ஒரு டியூப் இருக்கும்போது அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிந்திருந்தது, அவர் போட்ட தேநீரை வேலியோரம் ஊற்றியவன் நான். அஞ்சலை இப்போது செங்கில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். காய்ச்சல் போன பிறகு மூட்டு வீங்கி, குந்த முடியவில்லை. குந்தாமல் உதிரிப் பழம் பொறுக்க முடியாது. நான் போனால் தேநீர் போடுகிறார். “குடிப்பீங்களாண்ணே?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். குடிக்கிறேன்.

பதினேழு நாள் ஆஸ்பத்திரிப் பில் ஏழாயிரத்து நானூற்று அறுபது ரிங்கிட். முழுவதையும் கட்டுகிறோம் என்று தோட்ட நிர்வாகம் முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தது. முதலில் இரண்டாயிரம் வந்தது, பிறகு ஆயிரத்து ஐந்நூறு. பிறகு மானேஜர் மாற்றலாகிப் போனார். புது ஆள் கடிதத்தைப் பார்க்கவில்லை என்கிறார். நகலை நானே மூன்று தடவை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இன்றைய தேதிக்கு அவர்கள் அஞ்சலைக்குத் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரிங்கிட்.